பாட்டிக்கிள் சரி, மற்றது பிழை

1. வகுப்பு

ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வரப்போகிற பிள்ளைகள் போனில் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, பாஷை கஷ்டமோ?" என்றுதான். பாஷை கஷ்டமில்லை. கிளிநொச்சியில் நாங்கள் அதைப் படித்த விதம்தான் கஷ்டம்.

ஒரு கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. படிப்பித்தவர் வவுனியாவிலிருந்து வரும் சேர். ஜப்பானில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். முதல் நாளே பாட்டிக்கிளில் பிடித்தார். பாட்டிக்கிள் என்றால், நம்முடைய ஐ, கு மாதிரி சொல்லுக்குப் பின்னால் வருகிற சின்ன ஒட்டு.

"பிள்ளையள், இதை எழுதேக்க 'ஹ'. பாட்டிக்கிளா வந்தா வாசிக்கிறது 'வ'. 'ஹெ' எண்டு எழுதினதை 'எ' எண்டு வாசிக்கவேணும். ஏனெண்டு கேக்கப்படாது. ஜப்பான்காரனே கேக்கேல்லை."

நாங்களும் கேட்கவில்லை. டியூஷனில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. பழகியது ஒன்றுதான்: வாத்தியார் பாதி சொல்லி நிறுத்துவார், வகுப்பு மீதியைக் கத்தும். சேர் நான் என்பதற்கு "வத்தஷி..." என்பார். "வ!" என்று கூரைத் தகரம் அதிரும். ஜப்பானுக்கு என்பதற்கு "நிஹோன்..." என்பார். "எ!" என்போம். உச்சரிப்பு அச்சொட்டு. தர்மபுரத்துப் பிள்ளை ஒருத்தி நித்திரையிலும் சொல்லுகிறாள் என்று அவளுடைய தங்கச்சி வந்து முறையிட்டாள். வசனத்தின் மற்றப் பகுதியைச் சேரே சொல்லிக்கொண்டதால் அவருக்கு நல்ல பயிற்சி.

2. நேர்முகம்

முப்பது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். எனக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. இது தவறினால் ஊருக்கு, உடையார்கட்டுக்கு, பஸ் ஏறி, பேசாமல் வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

கணினித் திரையில் முதியோர் இல்லத்தின் முகாமையாளர் அம்மா. பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்க ஓர் அக்கா. முகாமையாளர் குனிந்து வணங்கி, என் பெயரைக் கேட்பதற்காக "ஒனமயெ..." என்று தொடங்கி மூச்செடுத்தார்.

"வ!" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். கேட்டது பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாய்தான் முந்திவிட்டது. அவர் சிரித்துச் சமாளித்து, ஜப்பானுக்கு ஏன் வர விரும்புகிறேன் என்று கேட்க "நிஹோன்..." என்றார். "எ!" என்றேன். கதவடியில் நின்ற சேர் தலையில் கைவைத்தார். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் மொழிபெயர்த்த அக்கா சொன்னா: "மேடம் சொல்லுறா, தான் கதைக்கிறதை இவ்வளவு கூர்ந்து கேட்ட ஆள் நீங்கள்தானாம். வயசுபோன ஆக்களுக்கு அப்பிடி ஒராள் வேணுமாம்."

எடுபட்டுவிட்டேன். நான் ஒன்றையும் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பது எனக்கும் சேருக்கும்தான் தெரியும். சேர் உடனே நிமிர்ந்துவிட்டார். "பாத்தியே? பாட்டிக்கிள் எண்டா சும்மாவே?"

3. இல்லம்

இல்லத்தில் மறதி நோய் வந்த ஓர் அம்மாவை என்னிடம் தந்தார்கள். "முசுகோ..." என்று தொடங்கி நிறுத்துவார். மகன் என்று அர்த்தம். நான் சும்மா விடுவேனா? "வ" என்று எடுத்துக்கொடுத்தேன். இல்லையென்று தலையாட்டினார். "எ?" என்றேன். அதுவும் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரையை இழுத்துப் போட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கனநேரம் கழித்து அவரே முடித்தார்: மகனுக்குக் கத்தரிக்காய் வைக்க வேண்டாம், அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.

வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பாட்டிக்கிளைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். அது மற்றவர் வாயிலிருந்து வரும்வரை பொறுக்கவும் பழகுங்கள். இரண்டாவதற்குக் கிளிநொச்சியில் இன்னும் யாரும் வகுப்புத் தொடங்கவில்லை.

அந்தக் கத்தரிக்காய் நாளன்று வேலை முடிந்து ஊரிலிருக்கும் என் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். என் அண்ணா யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். அம்மா ஒவ்வொரு முறையும் அவரைப் பற்றி "கொண்ணன்...", உன் அண்ணன், என்று தொடங்குவா. "வருவார் அம்மா" என்று நான் உடனே முடித்துவைப்பேன். பிறகு கதை மழைக்கும் வயலுக்கும் போய்விடும். அதை ஆறுதல் என்று நினைத்திருந்தேன்.

அன்றும் "கொண்ணன்..." என்றா. நான் பேசாமல் இருந்தேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றா.

"இருக்கிறன் அம்மா. சொல்லுங்கோ."

"கொண்ணனுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும், என்ன?"