பொற்கொடிக்கு வரவேண்டிய இரண்டாவது கடிதம்

என் தங்கை பொற்கொடி இதுவரை வென்றவை இவை. அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று மதிப்பெண். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கே ஒரே ஒரு செல்போன் இருந்தபோது அதை வைத்து முடித்த பன்னிரண்டாம் வகுப்பு. கோவையில் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பட்டம். ஒரு தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை, அதுவும் சிபாரிசுக்கு யாரையும் பிடிக்காமல். எங்கள் அப்பா காளிச்சாமியும் அம்மா மாரியாத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் ஒன்பதாவதோடு நின்று, கருமத்தம்பட்டியில் விசைத்தறிக் கூடத்தில் துணி செக்கிங் பார்க்கிறேன். இந்தப் பட்டியலில் எதுவும் தானாக வந்ததில்லை.

போன வருடக் கடைசியில் அவள் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் படிப்பு, உதவித்தொகையோடு. அதற்கு அவளுக்குப் பாடம் நடத்திய இரண்டு பேர் கடிதம் தர வேண்டும். பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கே ஓர் இணைப்பை அனுப்பும்; அவர்கள் அதில் கடிதத்தை ஏற்ற வேண்டும். மாணவர் பார்க்கக் கூடாது. கடைசி நாள் ஜனவரி பதினைந்து.

முதல் கடிதம் துறைத்தலைவருடையது. நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். பல கல்லூரிகளில் இதுதான் வழக்கமாம். தன்னைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. நல்லொழுக்கம் உள்ளவர், நேரந்தவறாதவர் என்று விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஒரு பக்கம் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். பெயரை மட்டும் மாற்றினால் அந்தக் கடிதம் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் இரண்டாவது கடிதம் பலமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கம் ஒரு வேலைக்கோ சீட்டுக்கோ போனால், பெரிய மனிதர் ஒருவரின் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் போவோம். நானும் தறி முதலாளி குமாரசாமி ஐயாவிடம் போய் நின்றேன். அவர் மனமுவந்து, முகவரி அச்சடித்த தாளில் எழுதி, சீலும் குத்திக் கொடுத்தார். மடங்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

“அண்ணா, முதலாளி எங்கிட்ட நாலு வார்த்தை பேசுனதில்லீங்க. இதுல முழுக்க உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கறாருங்க. இதை வெச்சு உங்களுக்கு வேணா வெளிநாட்டுல ஒரு வேலை கேட்டுப் பாக்கட்டுங்களா?”

வாங்கிப் பார்த்தேன். பதினொரு வருடமாகக் குறை சொல்ல முடியாமல் வேலை செய்யும் கதிரின் தங்கை என்றுதான் இருந்தது.

தன்னைத் தெரிந்தவர் ரூபினா மேடம்தான் என்றாள். முதல் வருடம் ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்தவர். தற்காலிக ஆசிரியராக இருந்துவிட்டு, திருமணமாகி வெள்ளகோவில் போய், அங்கே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். நவம்பரிலேயே மின்னஞ்சலில் கேட்டாள். அவரும் சரி என்றார். இணைப்பும் போனது. அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பர் முடிந்து ஜனவரி பத்தும் ஆயிற்று. அவள் போனில் திறக்கும் விண்ணப்பப் பக்கத்தில் மேடத்தின் பெயருக்கு எதிரே ‘காத்திருப்பு’ என்றே இருந்தது.

டீ நேரத்துக்கு டீ நேரம் போன் போட்டு, வந்துவிட்டதா என்று கேட்பேன். இல்லீங்கண்ணா என்பாள். இழை அறுந்த துணி ஒன்றை நல்லது என்று மடிக்க விட்டுவிட்டேன். பதினொரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மேடத்தைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தச் சொன்னால், பெரியவர்களை நெருக்குவது மரியாதை இல்லை என்று மறுத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதும் கூப்பிட மாட்டாள்.

தங்கைக்கு வந்த ரூபினா மேடத்தின் கல்யாணப் பத்திரிகையை நான் எடுத்து வைத்திருந்தேன். அதில் மாப்பிள்ளை வீட்டு முகவரி இருந்தது. பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் சொல்லாமல், அவளுடைய சான்றிதழ்களையும் நோட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் போய், அங்கிருந்து கரூர் பஸ் ஏறினேன். காங்கயம் தாண்டும்வரை ஜன்னல் ஓரம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை.

வெள்ளகோவிலில், பொற்கொடியின் அண்ணன் என்று சொன்னதும் மேடம் பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் போனை எடுத்துத் தங்கையின் மின்னஞ்சலைக் காட்டினார்.

“உங்களுக்கு வசதிப்படும்போது செஞ்சாப் போதும்னு எழுதியிருக்கறாளுங்க. சரி, பொங்கல் லீவுல நிதானமா உக்காந்து எழுதலாம்னு, அந்த இணைப்பை நான் தொறக்கவே இல்லீங்க. பதினஞ்சாந் தேதின்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா என்னவாம் அந்தப் புள்ளைக்கு?”

மரியாதைக்காக அவள் தேதியை விட்டிருக்கிறாள். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தேதி வாரியாக அடுக்கி, உறை போட்டு வைத்திருந்த சான்றிதழ்களை எடுத்து வைத்தேன். மேடம் அதை அப்படியே மூடிவிட்டார். மதிப்பெண்ணெல்லாம் பல்கலைக்கழகத்திடமே இருக்கும் என்றார். முதல் வருட ஆய்வக ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆனால் கொடுக்க எனக்குத் தயக்கம். அந்த நோட்டில் அசிங்கமான பக்கம் ஒன்று உண்டு. ஓர் அளவைத் தப்பாக எழுதி, கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி வைத்திருப்பாள். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, “கிழிச்சுப்போட்டு வேற எழுது கண்ணு, கறையாட்டத் தெரியுது” என்றேன். அதற்கு அவள், “கிழிச்சா நான் தப்புப் பண்ணுனது தெரியாமப் போயிருங்களேண்ணா” என்றாள். நான் சொல்லி அவள் கேட்காத முதல் விஷயம் அது.

மேடம் நேராக அந்தப் பக்கத்தைத்தான் தேடினார்.

“அழிக்கக் கூடாது, அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு எல்லார்த்துக்கும்தானுங்க சொன்னேன். முப்பத்தெட்டுப் பேருல கிழிக்காம வந்தது இவ ஒருத்திதானுங்க” என்றவர், அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தங்கை தறிக் கூடத்துக்கே போன் போட்டாள். ‘காத்திருப்பு’ மாறிவிட்டது. பல்கலைக்கழகத்தின் முடிவு நான் இதை எழுதும்வரை வரவில்லை. அதனால்தான் மேலே உள்ள பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. மேடம் என்ன எழுதினார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ரெக்கார்டு நோட்டின் அந்தப் பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்கு முன் எந்தப் படிவத்திலும் பெயரை அச்சுப்போல ஒவ்வோர் எழுத்தாகத்தான் எழுதுவாள். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில்தான் முதன்முதலாகப் பொற்கொடி என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதன் கீழே தேதி: 8.12.2021.