மாமா மகளாக நின்ற காலை

இப்போது எங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர்களைக் கவனிக்கத் தனி அறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. நான் பிள்ளையாக இருந்தபோது ஒரே ஓர் அதிகாரி அம்மாதான். வட்டகொடையில் ரயிலிறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வருவார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடுவது அவர் வேலை.

மாமா மகளுக்குப் பத்து வயது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்று விசாரிக்க அந்த அம்மா வருகிறார் என்று தெரிந்ததும் மாமா எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தார். எனக்கு எட்டு வயது. ஆனால் அவளளவு உயரம்.

"மருமகனே, ஒரு மணி நேரம் பொட்டப்புள்ளயா இருந்தா தேஞ்சா போயிருவ?"

"முடி இல்லையே மாமா?"

"காய்ச்சல்ல வெட்டிட்டோம்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்."

அவளுடைய பூப்போட்ட கவுனை எனக்கு மாட்டிவிட்ட அத்தை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்கோ நாடகத்தில் வேஷம் கிடைத்த சந்தோஷம்.

அந்த அம்மா மாமாவை வெளியே அனுப்பிவிட்டு என் முன்னால் குந்தினார். அதுவரை எந்த அதிகாரியும் என்னிடம் குந்திப் பேசியதில்லை. என் கைகளை முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று அறிய ஆவல் தாங்கவில்லை. தீபாவளிக்கு வந்திருந்த மாமா மகளின் கையில் பார்த்த சூட்டுத் தழும்பு நினைவுக்கு வந்தது. அதைத்தானோ? என் கையில் அது இல்லையே என்று நிம்மதியடைந்தேன்.

சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்: "பயப்பட வேணாம் நங்கி, தங்கச்சி. யாராவது அடிக்கிறதா? சூடு வைக்கிறதா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

பேசாதே என்றுதான் மாமா சொல்லியிருந்தார். நான் குரலை மெலிதாக்கி, கூடுதலாகவே நடித்தேன்.

"யாரும் அடிக்கலீங்க. நான் நல்லா இருக்கேங்க."

அவர் முகம் தெளிந்தது. கோப்பில் எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார். "கள்ளப்பயலே, பேசியும் காட்டிட்டியே!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தை மட்டும் கழற்றிய கவுனை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் ஒரேயடியாகத் திரும்பி வர ஐந்து ஆண்டுகள் ஆயின. நான் படித்து ஆசிரியரானேன். அவள் கடைசிவரை கொழுந்து பறித்தாள். இதை அவளிடம் ஒருநாளும் நான் சொல்லவில்லை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க அவளைத் தேடி அரசாங்கம் மலையேறி வந்தது அந்த ஒரு காலையில்தான். அந்தக் கேள்விக்குரிய பதில் கொழும்பில் அவளிடம் இருந்தது என்று, கவுன் போட்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.