ஏரியை நனைக்கத் தண்ணீர்

பெரியப்பா கல்குவாரியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஜல்லி வண்டிகள் புழுதி கிளப்பாதபடி பாதையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குவாரிக்குப் பக்கத்திலேயே வீடு, பெரியம்மாவுக்கோ மூச்சிரைப்பு. அதனால் மேஸ்திரி சொன்னதற்கு மேலேயே ஒரு நடை அடிப்பார். "பொண்டாட்டிக்காக ரோடு கழுவுற ஆளு" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள்.

லாரிகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரியில்தான் தண்ணீர் உறிஞ்சின. மழையும் பொய்த்தது. வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது ஏரி வெறும் தரையாகக் கிடந்தது. காற்றடித்தால் அதன் வண்டல் மாவாக எழுந்து, மூடிய கதவையும் மீறி உள்ளே வந்தது. குவாரிப் புழுதிக்கு இருமிய பெரியம்மா, இதற்கு நீலம் பாரித்துப்போனாள்.

"ரோட்ட நனைச்ச மாதிரி ஏரியையும் நனைச்சு விடுங்களேன்," என்றாள் ஒருநாள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி.

"எந்தத் தண்ணியில? இருந்தத எல்லாம் நான்தான ரோட்டுல ஊத்துனேன்," என்றார் பெரியப்பா.

மறுநாள் அவள் கட்டிலைக் குவாரியைப் பார்த்த அறைக்கு மாற்றினோம். இப்போது அந்தப் பக்கத்துக் காற்றுதான் கொஞ்சம் தேவலை.