கருவாட்டுக் குழம்பை மறைத்தோம்

ஆமாம், சாப்பிட்டார். எங்கள் வீட்டில், எங்கள் தட்டில்!

சாப்பிட்டவர், அம்மா ஒரு காலத்தில் நடவுக்குப் போன பண்ணை வீட்டின் மருமகள். அங்கே அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு போடுவார்கள். இன்று அந்த மருமகள் எங்கள் வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா வாங்க வந்தார். சர்க்கரைக்கு நல்லதாம்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

சோறும் ரசமும் வைத்தாள். அவர் தொடவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"என்னக்கா, அடுப்புல கருவாட்டுக் குழம்பு மணக்குது. எனக்கு மட்டும் ரசமா?"

"எங்க குழம்பெல்லாம் சாப்பிடுவீங்களோ என்னவோன்னு..."

"கேட்டாத்தானே தெரியும்!"

இப்படிப் பயந்துபோய் ரசம் வைத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

நான் போய்க் குழம்பைச் சட்டியோடு தூக்கி வந்தேன்.