தோற்ற அரையிறுதிக்கு ஒரு பயணம்

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மாம்பலத்தில் இறங்கினேன். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். இரவு முழுக்க மேல் படுக்கையில் புரண்டுகொண்டே வந்திருந்தேன். ரங்கநாதன் தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் கையை வீசி நடந்தேன் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

மயிலாப்பூருக்கு ஆட்டோ கேட்டேன்.

"மெட்ரோ வேலை நடந்துக்கினு கீது சார். சுத்திக்கினுதான் போவணும். நூத்தி அறுபது குடு," என்றார் ஓட்டுநர். போகும் வழியில் என்ன விசேஷம் என்று கேட்டார். கல்லூரி கால்பந்து அணி அரையிறுதியில் ஆடுகிறது, பார்க்க வந்தேன் என்றேன். "இதுக்காவா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்த?" என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அதற்காக மட்டும் வரவில்லை. எங்கள் பழைய மாணவர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. அணிக்கு இப்போது பயிற்சியாளராக இருப்பவள் பிலோமினா, இருபத்தேழு வயது. அவளை மாற்றிவிட்டு, கேரளாவிலிருந்து பெரிய பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டுவரலாமா என்று ஓட்டெடுப்பு. அவருக்குச் சம்பளம் சங்கம் தரும் என்பதால் சங்கத்தின் சொல்லுக்குக் கல்லூரியில் மரியாதை உண்டு. பிலோமினா, என் நண்பன் சேவியரின் மகள். மாற்றத்தான் வேண்டும் என்று முன்னால் நின்றவன், நான் தங்கப்போகிற வீட்டுக்காரன் கோபாலன். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். ரயிலில் தூக்கம் வராததற்கு மேல் படுக்கை மட்டும் காரணமில்லை.

"வாடா முருகேசா! குளிச்சுட்டு வா, இட்லி ஆறிண்டிருக்கு," என்று கோபாலன் கதவைத் திறந்தான். அவன் மனைவி வசந்தா தட்டை வைத்த கையோடு, "இவர் நேத்திலேர்ந்து ஆத்துல யார்கிட்டயும் பேசலை. மேட்ச் மேட்ச்னு கூண்டுப் புலி மாதிரி நடந்துண்டே இருக்கார்," என்றார்.

இட்லி முடிவதற்குள் அவன் தொடங்கிவிட்டான். "எப்பேர்ப்பட்ட டீம்டா நம்மோடது! அந்த ஃபைனல் மாதிரி ஒண்ணு உண்டா?"

அந்த இறுதிப் போட்டி நடந்தது முப்பது வருஷங்களுக்கு முன்னால், நான் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு. ஆனாலும் அதை நேரில் பார்த்தவனைப்போலச் சொல்வேன். எங்கள் விடுதியில் எல்லாருமே சொல்வார்கள். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை சேவியர், முழங்கால் வீங்கிய நிலையில் கடைசி அரைமணி நேரம் ஆடி, கோல் அடித்து, கோப்பை வாங்கித் தந்தான். நான் சேர்ந்தபோது அவன் ஊன்றுகோலோடு வந்து எங்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் பழக்கம்.

மூன்று மணிக்குக் கோபாலனின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ராஜா அண்ணாமலைபுரம் கடந்து பாலம் ஏறியதும் ஆற்றின் காற்று முகத்தில் அடித்தது. அடையாறு மைதானத்தில் எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் சேவியர் இடம் பிடித்து வைத்திருந்தான்.

"இன்னா மச்சி, இளைச்சிட்ட?" என்று கட்டிக்கொண்டான். கோபாலனைப் பார்த்து, "வாய்யா, என் பொண்ணு வேலைக்கு வேட்டு வைக்க வந்தியா?" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். கோபாலன் சிரிக்கவில்லை.

முதல் பாதியில் எங்கள் முன்கள ஆட்டக்காரன் தினேஷ் ஒரு கோல் போட்டான். கோபாலன் என் தோளில் ஏறாத குறை. பிறகு அவர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு உயரப் பந்துக்கு எம்பியபோது தினேஷின் தலையும் எதிரணித் தடுப்பாளனின் தலையும் மோதின. தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தம். விழுந்தவன் எழுந்துவிட்டான், கையைத் தூக்கிக் காட்டினான், நாங்கள் கைதட்டினோம்.

இடைவேளையில் பிலோமினா அவன் முன்னால் மண்டியிட்டாள். "ஸ்கோர் என்ன தினேஷ்?"

"ஒண்ணு சைபர், மிஸ். நாமதான் லீடிங்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் பூட்ஸின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். "நீ உட்காரு."

"மிஸ், நான் நல்லாத்தான் கீறேன்! மிஸ்!"

பார்வையாளர் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. கோபாலன் எழுந்து நின்று, "அவனை எடுத்தா யார் கோல் போடுவா? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தினேஷை ஒருவரோடு ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு ஆட்டத்தை நடத்தினாள். முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் இரண்டாவது கோல் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

மாலையில் மூவரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். பஜ்ஜி ஒரு தட்டு அறுபது ரூபாய், யாரும் தொடவில்லை.

"மனசாட்சியோட சொல்லு சேவியர்," என்றான் கோபாலன். "நீ அன்னிக்கு வெளியே வந்தியா? அந்தக் காலோட ஆடினியே. அதுனாலதானே நமக்கு ஒரு பேரு இருக்கு?"

சேவியர் மணலில் காலை நீட்டி வைத்துக்கொண்டான். அந்தக் கால் முழுதாக மடங்காது.

"ஆடுனேன். நானும் ஆடணும்னுதான் நெனச்சேன், யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் நைனா. அந்த அரை மணி நேரமும் சைடுல பாத்துக்கினே இருந்தேன். யாருனா ஒருத்தர், போதும்டா, வெளிய வாடான்னு கூப்டுவாங்கன்னு. யாருமே கூப்டல. நீங்க அதை ஃபைனல்னு சொல்றீங்க. எனக்கு அது கடைசி மேட்ச்."

முப்பது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிவந்திருக்கிறேன். அதற்கு அப்புறம் அவன் ஆடவே இல்லை என்பது தெரியாமல் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்ததில்லை. கோபாலன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சைவ மெஸ்ஸின் மாடியில் கூட்டம். இருபது பேர் இருப்போம். மாநில லீக், வெளியூர் ஆட்டக்காரர்கள், புதிய சீருடை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா படியேறி வந்தார். தினேஷின் தாய் செல்வி. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர். கையில் பெரிய பை.

"பிலோமினா மிஸ்ஸு எங்க? அவங்கப்பா இங்கதான் வருவாங்கன்னாரு."

அவள் இன்னும் வரவில்லை என்றார்கள். செல்வி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளைக்குத் தலைக்குள்ள அடிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெஸ்ட்டு எடுத்தா சரியாப்பூடுமாம். அதோட இன்னொரு பந்தை முட்டியிருந்தா என்னாயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னாரு. நேத்து நைட்டு பூரா மிஸ்ஸு கூடவே இருந்துச்சு. இத்த அதுங்கிட்ட குடுத்துடுங்க, வஞ்சிரம்." வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபாலனின் கையில் பையைத் திணித்துவிட்டு, வியாபாரம் கெடும் என்று இறங்கிப் போய்விட்டார்.

கோபாலன் வாழ்நாளில் மீனைத் தொட்டவனில்லை. சைவ மெஸ் வேறு. பையைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், கையில் பிடித்தபடியே எழுந்தான்.

"கேரளாக்காரர் வரட்டும், நிறையக் கத்துக்கலாம்," என்றான். "ஆனா அவர் பிலோமினாவுக்கு உதவியா வரட்டும். பசங்களை யார் கையில விட்டுட்டுப் போகலாம்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது." "அவ இருக்கணும்னு நெனைக்கறவா கையைத் தூக்குங்கோ."

பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவன்தான் முதலில் தூக்கினான். பதினான்கு கைகள் எழுந்தன. அவற்றில் என்னுடையதும் ஒன்று. சேவியர், மகள் விஷயம் என்று கையைத் தூக்காமல், கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாலை ரயிலுக்குக் கோபாலனும் சேவியரும் மாம்பலம் வந்து வழியனுப்பினார்கள், பிலோமினாவும் வந்திருந்தாள். "தாங்க்ஸ் மாமா," என்றாள். "நாங்கதாம்மா சொல்லணும்," என்றேன்.

எங்கள் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். திங்கள் காலை ரயிலடியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில், மைதானத்தில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கணுக்காலில் ஐஸ் கட்டியை அழுத்தியபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த மைதானத்தில் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "நேத்து யாரு ஜெயிச்சது?" என்பதுதான்.

"கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.