கேன்காரரின் இரண்டு தட்டு

கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் கேன் போட்டவருக்கு வலது தோள் மட்டும் சற்று இறங்கியிருக்கும். கேனை இறக்கியதும் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டு, கசிகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

ஒருமுறை அப்படிக் குனிந்தவர் கண்ணில் நான் வளர்க்கும் ஆமை பட்டது. மூன்று நாளாக அது கீரையைத் தொடவில்லை. தூங்குகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"தூங்கல சார். மூக்குல நுரை வருது, வாயைத் தொறந்து மூச்சு வாங்கிகினு கீது. எங்க வெச்சிருந்தீங்க?"

"ஏசி ரூம்லதான். வெயில் தாங்காதேன்னு..."

"அய்ய, அதுக்கு வெயில் வேணும் சார். சளி கட்டிகினு கீது. இன்னிக்கே டாக்டராண்ட இட்டுகினு போங்க."

ஆறு வருடமாக என்னைக் கண்டாலே தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமை, அவர் உள்ளங்கையில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. என் முகம் போன போக்கை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"பாசத்துல நீட்டல சார். மூச்சு முட்டுது."

கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். ஊசியும் பால்கனி வெயிலுமாக ஆமை பிழைத்தது. அதன்பின் கேன் தட்டும் சத்தம் கேட்டாலே அவர் காலடிக்கு ஊர்ந்து போய்க் கழுத்தை நீட்டும். இப்போது மூச்சு முட்டவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கி அவர் வருகையை நிறுத்தினேன். கேன் இடத்தை அடைக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது, மிச்சமிருந்த காலிக் கேனை இரண்டு தட்டு தட்டினேன். ஆமை வேகமாக வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.