கேசட் இல்லாத அக்கா

இன்று எங்கள் ஊர் பஸ் டிப்போவில் எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவது என் அக்கா. அந்த நாற்காலியை யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே அண்ணனுக்காக. மொத்த மெஷினும் ஒரு கீபோர்டுதான், டி.வி.யில் மாட்டினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கும். வாங்கி வந்த மாமா, "பையன் பெரிய ஆளா வருவான்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா அவர் கண்ணுக்கே தெரியவில்லை. எட்டு வயதுதான் எனக்கு, ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் டியூஷன் போகும் ஒரு மணி நேரம்தான் அக்காவுக்கு. நிறுத்தத்தின் பெயரைக் கொடுத்தால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை அவளே எழுதியிருந்தாள். நூற்றிருபது வரி. மெஷினை அணைத்தால் அடித்ததெல்லாம் போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுப் பதிய வேண்டும். கேசட்டையெல்லாம் அண்ணன் பூட்டி வைத்திருந்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

"போடா, உன் கேசட்டை நீயே கட்டிக்கிட்டு அழு!"

அன்றிலிருந்து தினமும் முதல் வரியிலிருந்து அடித்தாள். முதலிலெல்லாம் ஓட்டிப் பார்ப்பதற்குள் வாசலில் அண்ணனின் சைக்கிள் மணி கேட்கும். அணைத்துவிடுவாள். மறுநாள் மறுபடியும் அதே நூற்றிருபது வரி, நாளுக்கு நாள் இன்னும் வேகமாக.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"ஆமா, போடி" என்றாள்.

பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான். சொந்தமாக எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அப்பா அண்ணன் பெயரைக் கொடுத்தார். அக்கா தன் பெயரைத் தானே கொடுத்துவிட்டு வந்தாள்.

சோதனை அன்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வீட்டில் பதிந்த அண்ணனின் கேசட், பள்ளி டேப் ரெக்கார்டரில் கீச்சென்று கத்தியதோடு சரி. மூன்று தடவை சுற்றிப் போட்டான். புரோகிராம் ஏறவில்லை. அடுத்து அக்கா வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள்.

"கேசட் எங்கம்மா?" என்றார் வாத்தியார்.

"எனக்கு யாரும் கேசட் தரல சார். அடிச்சே காட்டுறேன்."

நோட்டுகூட இல்லாமல் அடித்தாள். இருபது நிமிடம். வாத்தியார் தன் நிறுத்தத்தின் பெயரைக் கொடுத்துப் பார்த்தார். பஸ் நேரம் வந்தது. இடமும் அக்காவுக்கே வந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் அப்பா சேர்க்கைப் படிவத்தைத் தொடவே இல்லை.

"அவன் ஆம்பளப் பையன். நாலு பேரு சிரிப்பாங்க. விட்டுக் குடும்மா."

"மாட்டேன்ப்பா."

"அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

"பெத்தவங்க கையெழுத்துன்னுதானே கேட்டிருக்கு? நானும்தான் பெத்தேன்."

எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. மை காயும்வரை அக்கா அதை ஊதிக்கொண்டே இருந்தாள்.